பாஹோ சி லைப்ரரியோட ட்ரேஸ்: ஆன் பண்றது ஈஸி, ஆன் ஆச்சான்னு கண்டுபுடிக்கறதுதான் கஷ்டம்

மொதல்லயே சொல்லிடறேன், இது மொத்த லைப்ரரிக்கான ரிவ்யூ இல்ல. எக்லிப்ஸ் பாஹோவோட சி க்ளையன்ட்ட (எம்க்யூடிடிங்கற மெசேஜ் முறைல பேசறதுக்கான சி லைப்ரரி) மூணு வருஷமா ஓட்டிட்டு இருக்கேன், மெசேஜ் அனுப்பறது வாங்கறதுல எனக்குப் பெருசா குறையே கிடையாது. அதுக்குள்ள இருக்கற லாகிங் பத்தி மட்டும்தான் எழுதப் போறேன். அவங்க அத ட்ரேஸ்னு சொல்லுவாங்க. ஓடற எடத்துல அத எப்படி ஆன் பண்றது, பண்ணா என்ன கண்ணுல படும், எங்கெங்க காலை வாரும், அவ்ளோதான். இத தனியா எழுதறதுக்குக் காரணம், ஃபீல்டுல ஒரு பெட்டி சத்தமில்லாம செத்துக் கெடக்கறப்ப லைப்ரரியோட மத்த பெருமையெல்லாம் சோறு போடாது, லாக் மட்டும்தான் போடும்.

நாங்க கோயமுத்தூர்ல ஒரு சின்ன டீம். தோட்டத்துல இருக்கற போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள ஒரு குட்டி லினக்ஸ் போர்டு, அதுல சிம் போட்ட மோடம், அது எம்க்யூடிடில எங்க ப்ரோக்கர்கிட்ட (நடுவுல நின்னு மெசேஜ வாங்கி உரியவங்களுக்கு அனுப்பற சர்வர்) பேசும், விவசாயி ஃபோன்ல இருந்தே மோட்டார போடுவாரு நிறுத்துவாரு, மூணு ஃபேஸும் வருதான்னு பாத்துக்குவாரு. எம்க்யூடிடியே 1999-ல ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்ங்கள சாட்டிலைட் லிங்க் வழியா கண்காணிக்கறதுக்காகப் பண்ணதுதான், கொஞ்சூண்டு பேண்ட்விட்த்துல பொழைக்கணும்ங்கறது அதோட பொறவிக் குணம், அதனால சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடு காட்டற எடத்துலயும் ஓடிடும். ஓடாதப்பதான் வம்பு. போர்டு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லாது.

ட்ரேஸ ஆன் பண்ற முறை எனக்கு ரொம்பப் புடிக்கும். கோடுல ஒரு வரி தொட வேண்டாம், மறுபடி கம்பைல் பண்ண வேண்டாம், மூணு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு. எம்க்யூடிடி, சி, க்ளையன்ட், ட்ரேஸ்னு நாலு வார்த்தை, நடுவுல அண்டர்ஸ்கோர், எல்லாமே கேப்பிடல் லெட்டர். இதுதான் மெயின் சுவிட்ச், இதுக்கு ஆன்னு கொடுத்தா திரையில வரும், ஃபைல் பேரக் கொடுத்தா ஃபைலுக்குப் போகும். அதே பேருக்குப் பின்னாடி லெவல்னு சேத்தா எவ்ளோ ஆழமா வேணும்ங்கறது. மேக்ஸ் லைன்ஸ்னு சேத்தா ஒரு ஃபைல்ல எத்தன வரின்னு. சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்ங்கள ஓட்டறது, செத்தா எழுப்பறது எல்லாம் அதான்) சர்வீஸ்னா அதோட யூனிட் ஃபைலுக்கு ஒரு ஓவர்ரைடு போட்டு என்விரான்மென்ட் வரி ரெண்டு எழுதி ரீஸ்டார்ட் பண்ணா முடிஞ்சுது. ராத்திரி பதினோரு மணிக்கு கஸ்டமரோட பெட்டிக்குள்ள ரிமோட்ல போயி இத பண்ணிட்டு வர முடியும்ங்கறது சாதாரண விஷயம் இல்லங்க.

லெவல் அஞ்சு இருக்கு. எரர், ப்ரோட்டோகால், மினிமம், மீடியம், மேக்ஸிமம். இதுல பேரு ஒரு ஏமாத்து. மினிமம்னா ரொம்பக் கம்மியா வரும்னுதானே நெனப்பீங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன், ஆனா மினிமம்ங்கறது ப்ரோட்டோகால விட அதிகம். லைப்ரரிக்குள்ள எந்த ஃபங்ஷனுக்குள்ள போறான், எந்த வரில வெளிய வர்றான்னு த்ரெட் நம்பரோட மழை மாதிரி கொட்டும். லெவலே கொடுக்கலைன்னா அதுதான் டிஃபால்ட் வேற. நீங்க லைப்ரரியையே திருத்தற ஆளா இருந்தா ஒழிய அது வேண்டாம். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ப்ரோட்டோகால் லெவல் போதும், நெட்வொர்க்குல போன ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரே ஒரு வரி, அம்புக்குறி வலது பக்கம் பாத்தா நாம அனுப்புனது, இடது பக்கம் பாத்தா ப்ரோக்கர் அனுப்புனது. வாட்ஸ்ஆப் சாட் படிக்கற மாதிரி படிச்சுட்டு போலாம்.

இது எப்படி காப்பாத்துச்சுன்னு ஒண்ணு சொல்றேன். போன வருஷம் ஒரு நாள் எங்க ஃபீல்டு டெக்னிஷியன் தம்பி உடுமலைப் பக்கத்துல இருந்து கூப்பிடறான். "அண்ணா, பெட்டில பச்சை லைட் எரியுதுங்ணா, ஆனா ஃபோன்ல ஆஃப்லைன்னு காட்டுதுங்ணா, கொஞ்ச நேரத்துல ஆன்லைன்னு வருது, மறுபடி போயிடுதுங்ணா." மோடம மாத்தியாச்சு, சிம்ம மாத்தியாச்சு, ஆன்டெனாவ கம்பத்து மேல ஏத்தியாச்சு. விவசாயி பக்கத்துலயே நின்னு "ஏனுங்க, பழையபடி நடந்து போயே போட்டுக்கறேனுங்க"ன்னு சொல்ற அளவுக்கு வந்துடுச்சு. அப்பதான் ட்ரேஸ ப்ரோட்டோகால்ல போட்டு ஃபைல எடுத்து அனுப்பச் சொன்னேன். அதுல இருந்தது இவ்ளோதான், தமிழ்ல எழுதிக் காட்டறேன்:

5 தோட்டம்17 -> கனெக்ட் (0)
5 தோட்டம்17 <- கனாக் ஆர்சி: 0
5 தோட்டம்17 -> சப்ஸ்க்ரைப் மெசேஜ் ஐடி: 1 (0)
5 தோட்டம்17 <- சபாக் மெசேஜ் ஐடி: 1

அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு மறுபடி கனெக்ட்ல இருந்து அதே நாலு வரி. மறுபடி. பக்கம் பக்கமா இதேதான்.

முன்னாடி இருக்கற 5 சாக்கெட் நம்பர், அடுத்தது க்ளையன்ட் ஐடி. கனாக்ங்கறது கனெக்ட்டுக்கு ப்ரோக்கர் தர்ற பதில், சபாக் சப்ஸ்க்ரைப்புக்கு. கனாக்ல ஆர்சி, அதாவது ரிட்டர்ன் கோடு, பூஜ்யம்னா ப்ரோக்கர் மனசார ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். எம்க்யூடிடி 3.1.1 வெர்ஷன்ல யூசர்நேம் பாஸ்வேர்ட் தப்புன்னா 4, உனக்கு அனுமதி இல்லன்னா 5, ஆனா எங்க ப்ரோக்கர் மஸ்கிட்டோ ரெண்டுக்கும் பொதுவா 5-தான் அனுப்பும். ஆக லாகின் பிரச்சினை இல்ல. கீப் அலைவ் (வேற பேச்சு இல்லன்னாலும் இத்தன செகண்டுக்குள்ள க்ளையன்ட் ஒரு பிங்காவது அனுப்பணும்ங்கற கெடு) 60 செகண்ட் வெச்சிருக்கோம், ரெண்டு செகண்டுல அறுந்து போறதுக்கு அது காரணமா இருக்க முடியாது, பிங் போற நேரமே வரல. சிக்னல் மோசம்னா ஒரு தடவையாவது கனெக்ட் போயி கனாக் வராம தொங்கி இருக்கணும், அப்படி ஒண்ணு கூட இல்ல. எல்லாமே சுத்தமா ஒட்டி சுத்தமா அறுபடுது. அப்படின்னா யாரோ கழுத்தப் புடிச்சு வெளிய தள்றான். எம்க்யூடிடில ஒரு ரூல் இருக்கு, ஒரே க்ளையன்ட் ஐடில ரெண்டாவது ஆள் வந்தா ப்ரோக்கர் பழைய ஆள வெட்டி விட்டே ஆகணும். ப்ரோக்கர் பக்கம் மஸ்கிட்டோ லாக்க தொறந்து பாத்தா, ஏற்கனவே கனெக்ட் ஆயிருக்கான் பழைய கனெக்ஷன மூடறேன்னு வரிசையா எழுதி வெச்சிருக்கு. பொள்ளாச்சில இன்னொரு பெட்டி அதே ஐடில உக்காந்துட்டு இருந்துச்சு, இவன் வந்தா அவன் போறான், அவன் ஆட்டோமேட்டிக்கா மறுபடி வந்தா இவன் போறான், மியூசிக்கல் சேர். எஸ்டி கார்ட் இமேஜ க்ளோன் பண்ணப்ப ஐடி ஃபைலையும் சேத்து காப்பி பண்ணது யாருன்னு கேக்காதீங்க. நான்தான்.

ட்ரேஸ் கையில வந்ததுக்கப்புறம் பத்து நிமிஷம். அதுக்கு முன்னாடி நாலு நாள்.

இன்னொரு தடவை நேர்மாறு, என்ன வந்துச்சுன்னு இல்ல, என்ன வரலைங்கறத வெச்சு புடிச்சோம். பெட்டி சரியா ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தடவை அறுபடுது. ட்ரேஸ்ல பாத்தா பிங் ரெக்வெஸ்ட்ங்கற வரியே கிடையாது. கீப் அலைவோட ஒன்றரை மடங்கு நேரம் க்ளையன்ட் வாயத் தொறக்கலைன்னா ப்ரோக்கர் வெட்டிடுவான், 60க்கு 90. சின்க்ரனஸ் ஏபிஐய கால்பேக் (ஏதாவது நடந்தா லைப்ரரி கூப்பிடறதுக்கு நாம கொடுத்து வெக்கற ஃபங்ஷன்) செட் பண்ணாம யூஸ் பண்ணா யீல்ட், ரிசீவ்ங்கற ஃபங்ஷன்ல ஒண்ண நீங்க அப்பப்ப கூப்பிட்டுட்டே இருக்கணும், அப்பதான் பிங்கே போகும், டாக்குமென்ட்ல இருக்கு, நாங்கதான் எனர்ஜி மீட்டர் படிக்கற லூப்புல மாட்டிக்கிட்டு அத கூப்பிடவே இல்ல.

இதுவரைக்கும் படிச்சா அஞ்சு ஸ்டார் கொடுப்பேன்னு தோணும். இனிமேதான் வயித்தெரிச்சல்.

இந்த ட்ரேஸ் எதையும் தப்புன்னு சொல்லவே சொல்லாது. நீங்க ஆன்ங்கறத சின்ன எழுத்துல அடிச்சீங்கன்னு வைங்க, அதுக்கு அது சுவிட்ச் இல்ல, ஃபைல் பேரு. நடப்புல இருக்கற டைரக்டரில "ஆன்"னு சின்ன எழுத்துல ஒரு ஃபைல உருவாக்கி அதுக்குள்ள சமத்தா எழுதிட்டு இருக்கும், நீங்க திரைய மொறச்சுப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. நான் ஒரு மதியம் ஃபுல்லா மொறச்சுப் பாத்திருக்கேன். லெவலும் அப்படித்தான், ப்ரோட்டோகால்ங்கறத சின்ன எழுத்துல போட்டா அது புரியலன்னு ஒரு வார்த்தை கிடையாது, அது பாட்டுக்கு மினிமத்துல ஓடும், நீங்க கேட்ட பத்து வரி ஆயிரம் வரிக்கு நடுவுல எங்கயோ கெடக்கும். ஃபைல் பேரு கொடுத்தீங்க ஆனா அந்த ஃபோல்டரே இல்ல, இல்ல எழுத பெர்மிஷன் இல்லன்னா? அப்பவும் எரர் கிடையாது, திரைக்குத் திருப்பி விட்டுடும். சர்வீஸா ஓடறப்ப திரைன்னா ஜர்னல், அதாவது சிஸ்டம்டியோட லாக், அங்க போயி பாக்கணும்னு தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் கூட பழகிடும். எனக்கு இன்னும் ஆறாதது ஒண்ணு இருக்கு. ட்ரேஸ் ஃபைல ரைட் மோட்ல தொறக்குது, அப்பெண்ட் இல்ல. அதாவது ப்ரோக்ராம் ரீஸ்டார்ட் ஆனா பழைய ட்ரேஸ் துடைச்சு எறியப்படும். இப்ப யோசிங்க, ப்ரோக்ராம் செத்தாதான் நமக்கு ட்ரேஸ் வேணும், செத்தா சிஸ்டம்டி அஞ்சு செகண்டுல எழுப்பி விட்டுடும், எழுந்த ஒடனே அது பண்ற மொத வேலை சாவுக்கு சாட்சியா இருந்த ஃபைல அழிக்கறது. பிணத்த எரிச்சுட்டு போஸ்ட்மார்ட்டத்துக்குக் கூப்பிடற கதை. நாங்க இப்ப யூனிட்ல ப்ரீ ஸ்டார்ட் வரில பழைய ட்ரேஸ தேதி போட்டு பேர மாத்தற ஒரு குட்டி ஸ்க்ரிப்ட் வெச்சிருக்கோம். ரெண்டு வரி ஸ்க்ரிப்ட்தான், ஆனா அத எழுதணும்னு புரியறதுக்கு மூணு க்ராஷ் தொலைச்சோம்.

வரி கணக்கும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. டிஃபால்ட் ஆயிரம் வரி. நெறஞ்சா அந்த ஃபைலுக்குப் பின்னாடி புள்ளி பூஜ்யம்னு சேத்து ஓரமா வெச்சுட்டு புதுசா ஆரம்பிக்கும், ஏற்கனவே புள்ளி பூஜ்யம் இருந்தா அது காலி. ஆக எப்பவும் ரெண்டே ஃபைல்தான். ப்ரோட்டோகால் லெவல்ல சும்மா இருக்கற பெட்டிக்கு நிமிஷத்துக்கு பிங் போன வரி ஒண்ணு வந்த வரி ஒண்ணு, ஆயிரம் வரின்னா எட்டு மணி நேரத்துக்கு மேல தாங்கும், அருமை. அதையே மினிமத்துலயோ மேக்ஸிமத்துலயோ விட்டா டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள ரெண்டு ஃபைலும் சுத்திடும், நீங்க தேடற அறுந்த நேரம் எப்பவோ போயிருக்கும். டிஸ்க்கு நெறையாதுங்கறது மட்டும் நிம்மதி, வேற ஒரு லைப்ரரில எல்லா டீபக்கையும் போட்டுட்டு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயி திங்கக்கிழமை வந்து டிஸ்க் ஃபுல்லுன்னு பாத்த அனுபவம் எனக்கு உண்டு. ஆனா ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் பண்ணுது, எஸ்டி கார்டுல அத ஓட விட மனசு வராது, நாங்க ரன் டைரக்டரில ராம்ல எழுத விட்டிருக்கோம். பவர் போனா அதுவும் போச்சு, தெரியும். தோட்டத்துல பவர் போகாத நாள் எது, அதுவும் தெரியும். கார்டா லாகான்னு பாத்தா கார்டு.

சூடோ போட்டு கையால ஓட்டிப் பாக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க ஷெல்லுல எக்ஸ்போர்ட் பண்ண வேரியபிள சூடோ வழக்கமா உள்ள விடாது, மைனஸ் கேப்பிடல் ஈ போடுங்க, இல்ல சூடோவுக்கு அப்புறமா வேரியபிள எழுதுங்க. இது பாஹோ தப்பு இல்ல, ஆனா அது வாயத் தொறக்காததால இதுவும் அது தலையில விழுது.

எல்லாத்துக்கும் மேல, மொத்தமா ட்ரேஸே இல்லாத பில்டுன்னு ஒண்ணு இருக்கு. லைப்ரரிய பில்டு பண்ற சிமேக்ல பாஹோ ஹை பெர்ஃபார்மன்ஸ்னு ஒரு ஆப்ஷன், டிஃபால்ட்டா ஆஃப்தான், அத ட்ரூ பண்ணா உள்ளுக்குள்ள இருக்கற ட்ரேஸும் ஹீப் கணக்கும் கம்பைல்லயே தூக்கி எறியப்படும். பேர் எவ்ளோ அழகா இருக்கு பாருங்க, ஹை பெர்ஃபார்மன்ஸ், எவனுக்குத்தான் வேண்டாம்னு தோணும். எங்க டீம்ல ஒருத்தர் ஆசையா டிக் பண்ணிட்டாரு. நாங்க ரெண்டு பேரு சேந்து வேரியபிள எழுத்து எழுத்தா செக் பண்றோம், கேப்பிடல் சரி, அண்டர்ஸ்கோர் சரி, ப்ராசஸோட என்விரான்மென்ட்ட ப்ராக் ஃபோல்டருக்குள்ள போயி பாத்தா அங்கயும் இருக்கு, ஆனா ஒரு வரி வரல. அரை நாள் கழிச்சு பில்டு ஸ்க்ரிப்ட்ட பாத்தாதான் தெரியுது. நிமிஷத்துக்கு ரெண்டு பாக்கெட் அனுப்பற பெட்டிக்கு எதுக்குய்யா ஹை பெர்ஃபார்மன்ஸ்.

என்விரான்மென்ட் வேரியபிளுக்கு இன்னொரு லிமிட் இருக்கு, மொத க்ளையன்ட்ட உருவாக்கறப்ப ஒரு தடவை படிக்கும், அவ்ளோதான். ஓடிட்டு இருக்கற ப்ராசஸ்ல மாத்தணும்னா ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட் பண்ணா பிரச்சினையும் சேந்து மறைஞ்சுடும், அந்தக் கொடுமை எல்லாருக்கும் தெரியும். அதுக்கு ஏபிஐ இருக்கு, ட்ரேஸ் கால்பேக் ஒண்ணு, செட் ட்ரேஸ் லெவல் ஒண்ணு, சின்க் க்ளையன்ட்டுக்கும் அசின்க் க்ளையன்ட்டுக்கும் தனித்தனியா. கால்பேக்க கொடுத்துட்டா வரிய எங்க வேணா நீங்களே அனுப்பிக்கலாம், லெவல ஓடறப்பவே ஏத்தி எறக்கலாம். இத நாங்க ஒரு கமாண்ட் டாபிக்கோட (பெட்டிக்குக் கட்டளை போற எம்க்யூடிடி விலாசம்) இணைச்சோம், ஆஃபீஸ்ல இருந்தே ஒரு மெசேஜ் போட்டா அந்தப் பெட்டி மட்டும் ப்ரோட்டோகால் லெவலுக்கு ஏறும், பத்து நிமிஷம் கழிச்சு தானா எறங்கும். லைப்ரரியோட இந்தப் பகுதி உண்மையிலேயே நல்லா பண்ணிருக்காங்க.

நல்லா பண்ணத நான் எப்படி கெடுத்தேன்னும் சொல்லிடறேன், நீங்களும் பண்ணிடாதீங்க. கால்பேக்குல வர்ற வரிய ஒரு க்யூல போட்டு அதையும் எம்க்யூடிடிலயே ஆஃபீஸுக்கு அனுப்பலாம்னு புத்திசாலித்தனமா யோசிச்சேன். அனுப்பறதும் ஒரு பப்ளிஷ்தானே. பப்ளிஷுக்கு ஒரு ட்ரேஸ் வரி, அந்த வரிய அனுப்ப இன்னொரு பப்ளிஷ், அதுக்கு ஒரு வரி. அதுவும் க்யூஓஎஸ் 1-ல (கெடச்சுதுன்னு ப்ரோக்கர் பதில் தர்ற முறை, அந்தப் பதில்தான் பப்ஆக்) விட்டிருந்தேன், பப்ளிஷ் போன வரி ஒண்ணு, பப்ஆக் வந்த வரி ஒண்ணு, ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு, கந்து வட்டி மாதிரி. அந்த சிம்மோட அன்னைய டேட்டா சாப்பாட்டு நேரத்துக்குள்ள காலி. இப்ப ட்ரேஸ லோக்கலா மட்டும் எழுதிட்டு ஹெச்டிடிபில தனியா ஏத்தறோம்.

ட்ரேஸ யாருக்காவது அனுப்பறதா இருந்தா ஒரு கண்ணு பாத்துட்டு அனுப்புங்க. கனெக்ட் வரில பாஸ்வேர்ட் எல்லாம் வராது, ஆனா புது வெர்ஷன்ல பப்ளிஷ் வரியோட கடைசில பேலோடோட, அதாவது மெசேஜுக்குள்ள இருக்கற விஷயத்தோட, ஆரம்பத்துல இருந்து கொஞ்சம் எழுத்து ஒட்டிக்கிட்டு வரும். எங்களுக்கு அது வோல்டேஜ் நம்பர், பரவால்ல. உங்களுக்கு வேற ஏதாவதா இருக்கலாம்.

மத்ததோட ஒப்பிட்டுப் பாத்தா, காஃப்காங்கற இன்னொரு மெசேஜ் சிஸ்டத்துக்கான சி லைப்ரரி லிப்ஆர்டிகாஃப்கா இந்த விஷயத்துல ரொம்ப ஸ்ட்ரிக்ட் வாத்தியார். அதுல டீபக்னு ஒரு செட்டிங், ப்ரோக்கர், டாபிக், ப்ரோட்டோகால், செக்யூரிட்டி, ஃபெட்ச்னு எது வேணுமோ கமா போட்டு கேட்டு வாங்கலாம், டீபக் போட்டா லாக் லெவலையும் அதுவே 7-க்கு ஏத்திக்கும், அதுல இல்லாத பேர எழுதுனீங்கன்னா அந்த எடத்துலயே மண்டையில குட்டும். அந்தக் குட்டுதான் பாஹோ சில எனக்கு வேணும். ஆனா அதுக்கு கான்ஃபிக்ல கை வைக்கணும், வெறும் என்விரான்மென்ட் வேரியபிள்ல முடிஞ்சுடாது. பாஹோ குடும்பத்துலயே பைத்தான்காரங்களுக்கு எனேபிள் லாகர்னு ஒரே வரி, பைத்தானோட சொந்த லாகிங்குக்குள்ளயே போயிடும், கோ லாங்குவேஜ்ல நாலு லாகர் இருக்கு, நீங்களா எதையாவது வெச்சாதான் பேசும், ரெண்டும் கோடுல எழுதற சமாச்சாரம். கஸ்டமர் எடத்துல ஏற்கனவே ஓடிட்டு இருக்கற பைனரிய தொடாம பேச வைக்கறதுல சி வெர்ஷன் பக்கத்துல ஒண்ணும் வராது.

ஸ்டார் கொடுக்கணும்னா ப்ரோட்டோகால் லெவல் வரிங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு, கால்பேக்குக்கு நாலரை, தப்பா டைப் பண்ணா ஊமையா இருக்கறதுக்கு ஒண்ணு, ஃபைல அழிக்கறதுக்கு அந்த ஒண்ணையும் புடுங்கிக்கறேன். மொத்தத்துல மூணரை. வேற லைப்ரரிக்கு மாறுவியான்னு கேட்டா மாற மாட்டேன்.

ஆன் ஆச்சான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கறதுன்னு கேட்டீங்கன்னா, ட்ரேஸ் உயிரோட இருந்தா மேல ஈக்வல் குறியால ஒரு நீள கோடு, அதுக்குக் கீழ ட்ரேஸ் அவுட்புட்னு தலைப்பு, லைப்ரரி பேரு, வெர்ஷன் வரும். லெவல் என்னன்னு அது சொல்லாது, அத கீழ வர்ற வரிங்கள பாத்து நாமளே புரிஞ்சுக்கணும், அடைப்புக்குறிக்குள்ள த்ரெட் நம்பரா ஓடுச்சுன்னா மினிமத்துல மாட்டிருக்கோம்னு அர்த்தம். எங்க டெக்னிஷியன் தம்பிக்கு இதெல்லாம் இப்ப அத்துப்படி. போன வாரம் பல்லடத்துல ஒரு பெட்டில இருந்து கூப்பிட்டான், எடுத்த ஒடனே "அண்ணா, ஈக்வல் கோடு வந்துடுச்சுங்ணா, ஆனா நம்பரா கொட்டுதுங்ணா"ன்னான். ப்ரோட்டோகால்ங்கறத கேப்பிடல்ல அடிடான்னேன், கொஞ்ச நேரத்துல ஆறே வரி வாட்ஸ்ஆப்ல வந்துச்சு, கனாக்ல ஆர்சி 5. டாபிக் பெர்மிஷன் லிஸ்ட்ல அந்தப் பெட்டிய சேக்கலியோன்னு மொதல்ல பாத்தா, யூசரையே நான் ப்ரோக்கர்ல போடல.